ஆன்லைன் வகுப்பில் அஜைல் குழுப்பணி: செய்யவைத்துக் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

முதன்முதலாக அஜைல் (வேலையைச் சின்னதாகப் பிரித்து, அடிக்கடி காட்டித் திருத்தும் குழுப்பணி முறை) பாடத்தை ஜூமில் நடத்தியபோது 50 நிமிடம் நான் மட்டுமே பேசினேன். 15 பேரில் முக்கால்வாசிப் பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள். கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிந்தது டீச்சர்" என்று பதில் வந்தது. மறுவாரம் சின்னதாக ஒரு வேலையைக் கொடுத்துச் சேர்ந்து செய்யச் சொன்னேன். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு தனித்தனியாகச் செய்தார்கள், கடைசி நிமிடத்தில் ஒட்டவைத்தார்கள். ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததோடு பொருந்தவில்லை. அவர்கள் மேல் குற்றம் இல்லை. சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி நான் சொன்னேனே தவிர, அவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கவில்லை.

அதன்பிறகு பாடத்தைப் பயிற்சிகளாக மாற்றினேன். வேலைக்குப் போகிற தமிழர்களுக்குச் சிங்கப்பூரில் சனிக்கிழமை காலைகளில் நடத்தும் வகுப்பு இது. இரண்டரை மணி நேரம், மூன்று பயிற்சிகள். நீங்கள் அப்படியே எடுத்து நடத்தும் அளவுக்கு விவரமாகச் சொல்கிறேன்.

எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதில் நான்கு மதிப்புகளும் 12 கொள்கைகளும் இருக்கின்றன. வகுப்பில் நான் அவற்றை வரிசையாக ஒப்பிப்பதில்லை. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கொடுக்கப் பார்க்கிறேன். வேலையைச் சின்னதாக வெட்டி, சீக்கிரம் முடித்து, கேட்டவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்தி, மறுபடி காட்டுவது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தோசைக்கல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும், முதல் தோசை ஒட்டிக்கொண்ட பிறகுதான் கைக்குப் பிடிபடுகிறது.

ஆன்லைனில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே அறையில் இருந்தால் யார் மேசையில் வேலை குவிகிறது, யார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்பது கண்ணில் படும். திரையில் எல்லோரும் ஒரே அளவுப் பெட்டிக்குள் ஒரே மாதிரி தெரிவார்கள். அதனால் ஒரு பயிற்சியை எடுக்குமுன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மறைந்திருக்கும் குவியலையும் காத்திருப்பையும் இது கண்ணுக்குக் காட்டுமா? காட்டாவிட்டால், எவ்வளவு கலகலப்பான விளையாட்டானாலும் வேண்டாம்.

வகுப்புக்கு முந்தைய நாள்

15 பேர் என்றால் ஐந்து பேர் வீதம் மூன்று பிரேக்அவுட் அறைகள் (ஜூமுக்குள் பிரியும் சிறு குழு அறைகள்). உங்களைத் தவிர ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும். ஒருவருக்கு இணைப்பு அறுந்தால், நீங்கள் வகுப்பை நிறுத்தாமல் அவரைத் திரும்பக் கொண்டுவர ஆள் தேவை.

கருவிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜூம், கூகுள் ஷீட், கூகுள் ஸ்லைட்ஸ், ஒரு வாட்ஸ்அப் குழு போதும். மிரோ போன்ற ஆன்லைன் வெள்ளைப்பலகைகள் அழகானவைதான். ஆனால் முதல் அரை மணி நேரம் அந்தப் பலகையைக் கற்பதிலேயே போய்விடுகிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2024 மே மாதம் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி சேர்ந்த பிறகு, பல ஆண்டுகள் வகுப்புப் பக்கமே வராதவர்களும் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்கள் தயக்கத்தோடுதான் வருவார்கள். புதிய பலகை ஒன்றைக் காட்டி அந்தத் தயக்கத்தைக் கூட்ட வேண்டாம்.

ஒவ்வோர் அறைக்கும் தனி ஷீட், தனி ஸ்லைடுக் கோப்பு. 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்பதை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். இதை மறந்தால் பயிற்சி தொடங்கும் நொடியில் அனுமதி கேட்டு 15 மின்னஞ்சல்கள் வரும். இணைப்புகளை ஜூம் அரட்டையில் மட்டும் போடாதீர்கள். பிரேக்அவுட் அறைக்குள் போனதும் அரட்டை அந்த அறைக்கு மட்டும் ஆகிவிடும். வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். அப்புறம், ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும், இரண்டரை மணி நேரத்துக்கு அது ஒத்துவராது.

யாராவது ஒருவர் எம்ஆர்டி ரயிலிலிருந்தோ, பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட்டுவிட்டுக் கோப்பிக்கடையிலிருந்தோ கைப்பேசியில்தான் சேருவார். சின்னத் திரையில் ஷீட்டில் வேகமாகத் தட்டுவது கடினம். அவருக்கு இரண்டாவது பயிற்சியில் வரும் வாடிக்கையாளர் வேலையைக் கொடுங்கள். பயிற்சியில் முக்கியமான வேலையே அதுதான், அதனால் அவர் ஒதுக்கப்பட்டதாக உணர மாட்டார்.

முதல் பயிற்சி: ஐந்து பேட்டைகள், 20 நிமிடம்

காகிதமும் பேனாவும் போதும். பிடோக், ஈசூன், பொங்கோல், செங்காங், தெம்பனிஸ் என்ற ஐந்து சிங்கப்பூர்ப் பேட்டைகளின் பெயர்களைத் திரையில் காட்டுங்கள். முதல் சுற்றில் ஐந்து பெயர்களின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும், பிறகு ஐந்தின் இரண்டாம் எழுத்தையும், இப்படியே கடைசி வரை. இரண்டாவது சுற்றில் ஒரு பெயரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டு சுற்றிலும் ஒவ்வொரு பெயரும் முடிந்த நேரத்தை அவரவரே பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 19 எழுத்துகள். ஒவ்வொன்றாக எழுதினால் மூன்றாவது எழுத்திலேயே 'பிடோக்' முடிந்துவிடும். மாற்றி மாற்றி எழுதினால் 11ஆவது எழுத்தில்தான் முடியும். வேலையின் அளவில் மாற்றமே இல்லை. ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை வேலையைக் கையில் வைத்திருக்கிறார் என்பது மட்டும்தான் மாறியது. இதைத் தனியாகச் செய்ய முடியும் என்பதால் வகுப்பின் தொடக்கத்துக்கு நல்லது. கூச்சமுள்ளவரும் தன் காகிதத்தைக் கேமராவுக்கு முன் தூக்கிக் காட்டிவிடுவார். ஐந்து நிமிடம் பேசிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது பயிற்சி: 20 பொட்டலங்கள், 45 நிமிடம்

நாணயங்களைத் திருப்பிப்போட்டு அடுத்தவருக்கு நகர்த்தும் விளையாட்டு அஜைல் வகுப்புகளில் நெடுநாளாக இருக்கிறது. வீட்டிலிருந்தபடி நாணயத்தைக் கைமாற்ற முடியாது. அதனால் அதைத் தீபாவளிப் பலகாரப் பொட்டலமாக்கி ஷீட்டில் போட்டேன்.

ஷீட்டில் 20 வரிசை, நான்கு பத்தி. ஒரு வரிசை ஒரு பொட்டலம். நான்கு பேரும் ஆளுக்கொரு பத்தியை எடுத்துக்கொள்கிறார்கள். முதலாமவர் கட்டுகிறார், அதற்கு 'க' என்று தட்டுகிறார். இரண்டாமவர் சீட்டு ஒட்டுகிறார், 'ஒ'. மூன்றாமவர் முகவரி எழுதுகிறார், 'எ'. நான்காமவர் அனுப்புகிறார், 'அ'. ஐந்தாமவர் வாடிக்கையாளர். அவர் கையில் கடிகாரம். முதல் தொகுதி எப்போது கைக்கு வந்தது, 20ம் எப்போது வந்தன என்று இரண்டு நேரங்களைக் குறிக்கிறார். இழுத்து நிரப்புவதும் நகலெடுத்து ஒட்டுவதும் கூடாது.

முதல் சுற்றில் 20 பொட்டலத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் ஐந்தைந்தாக. மூன்றாவதில் ஒவ்வொன்றாக.

ஒரு கட்டத்துக்கு 3 வினாடி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20ஐயும் ஒன்றாகக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு முதல் பொட்டலம் 240ஆவது வினாடியில்தான் வரும், 20ம் அப்போதே வரும். ஐந்தைந்தாகக் கொடுத்தால் முதல் தொகுதி 60ஆவது வினாடியில், எல்லாம் 105இல். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் முதலாவது 12இல், எல்லாம் 69இல். வகுப்பில் இணைய வேகத்தையும் விரல் வேகத்தையும் பொறுத்து எண்கள் கூடும். ஆனால் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு நிமிடம் நின்று நான்கு பேரிடமும் கேளுங்கள்: "நீங்கள் இப்போது வேகமாகத் தட்டினீர்களா?" இல்லை. ஆளுக்கு 20 கட்டம், 60 வினாடி, அதில் மாற்றமே கிடையாது. மூன்றாவது சுற்றில் முன்னவரைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியிருப்பதால் தனி ஆளின் நேரம் கொஞ்சம் கூடியும் இருக்கும். குறைந்தது காத்திருப்பு மட்டும்தான். முதல் சுற்றில் நான்காமவர் 180 வினாடி சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாவதில் 9 வினாடி. ஒவ்வோர் ஆளும் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று மட்டும் பார்க்கிற மேற்பார்வையாளருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை கண்ணில் படாது. வகுப்பில் மேற்பார்வையாளர்கள் இருந்தால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூன்று சுற்றுகளையும் மறுபடி ஓட்டுங்கள். இந்தத் தடவை வாடிக்கையாளருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு ரகசியச் செய்தி: 'முதல் தொகுதி கைக்கு வந்ததும், இரண்டாவது பத்தியில் எழுத்து வேண்டாம், எண் 2 வேண்டும் என்று சொல்லுங்கள்.' அவர் அதைச் சொல்லும் நொடியில் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். திருத்த வேண்டிய கட்டங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

20ஐயும் ஒன்றாகக் கொடுத்த சுற்றில் 20ம் திருத்த வேண்டும். ஒவ்வொன்றாகக் கொடுத்த சுற்றில் கணக்குப்படி 3 மட்டும். ஐந்தைந்தாகக் கொடுத்த சுற்றில் எத்தனை இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லுங்கள். 'ஐந்து' என்பார்கள் பலர். வருவது 15. வாடிக்கையாளர் முதல் ஐந்தைப் பார்ப்பதற்குள் இரண்டாமவர் மூன்று தொகுதிகளை முடித்திருப்பார். பாதி வேலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த 15 அழகாகக் காட்டிவிடும். நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை, விளக்கவும் செய்யாதீர்கள்.

விளையாடி முடித்த பிறகு

பயிற்சி நடத்துகிறவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். விளையாட்டு ஓடிய நேரத்துக்குச் சமமான நேரம் பேச்சுக்கு வேண்டும். நேரம் போதாவிட்டால் விளையாட்டில் ஒரு சுற்றைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள்.

முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஷீட்டின் இன்னொரு பக்கத்தில் ஆளுக்கொரு கட்டத்தில், தான் எந்த இடத்தில் காத்திருந்தார், எப்போது எரிச்சல் வந்தது என்று எழுதட்டும். அதன்பிறகு பேச்சு, வயதில் இளையவரிலிருந்து தொடங்கட்டும். இது நம் பழக்கத்தை நினைத்துச் செய்யும் ஏற்பாடு. அறையில் ஓர் அண்ணன் இருந்தால், அவர் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அவர் "நல்லாத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டால், "ஆமாண்ணே" என்று பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அது மரியாதை. அந்த மரியாதையை உடைக்கச் சொல்ல வேண்டாம். இளையவர் முதலில் எழுதி, முதலில் பேசும்படி முறையை அமைத்துவிட்டால், அண்ணன்மார்களே அதை ரசிக்கிறார்கள்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியைத் தவிருங்கள். "ஏன் தாமதமாச்சு?" என்று கேட்டால் நம் காதில் அது விசாரணையாகவே விழும், உடனே ஒருவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பார். "வேலை எந்த இடத்தில் நின்றது?" என்று கேளுங்கள். ஆளை விட்டுவிட்டு ஷீட்டைப் பார்ப்பார்கள்.

பேச்சு தமிழில் நடக்கட்டும். ஸ்பிரிண்ட் (குறித்த கால அளவுள்ள ஒரு வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) போன்ற சொற்களை வேலையிடத்தில் சொல்கிறபடியே வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்குத் தமிழ் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஆனால் மனதில் பட்டதைச் சொல்வது தாய்மொழியில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் 'ஓகே, குட்' என்று முடித்துக்கொண்டவர்களே தமிழில் பேசச் சொன்னதும், "பக்கத்தில் வேலை நடக்குது, எனக்கு ஒன்றும் வரவில்லை, கோபமே வந்துவிட்டது" என்றார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கோபம்தான். அதிலிருந்துதான் அடுத்த சுற்றுக்கான மாற்றம் பிறக்கிறது.

இதற்குப் பிறகு 10 நிமிடம் இடைவேளை. தேநீர் போட்டுக்கொண்டு வரட்டும்.

மூன்றாவது பயிற்சி: பாட்டிக்கு ஒரு நாள், 55 நிமிடம்

இது அஜைல் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் முறையின் சிறு வடிவம். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இல் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய முறை அது. அவர்கள் எழுதும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் ஒரு ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, குழு வழக்கமாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவு. நம் வகுப்பில் ஒரு ஸ்பிரிண்ட் 15 நிமிடம்: திட்டமிட 3, வேலைக்கு 7, காட்டிக் கருத்துக் கேட்க 3, எப்படி வேலை செய்தோம் என்று திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவுக்கு 2. இப்படி மூன்று ஸ்பிரிண்ட். முதல் 10 நிமிடம் விளக்கத்துக்கும் மதிப்பீட்டுக்கும்.

வேலை இது. தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி வருகிறார். தமிழ் மட்டும் படிப்பார், சைவம், முழங்கால் வலி, கைப்பேசியில் இணையம் கிடையாது. லிட்டில் இந்தியாவில் ஒரு நாளைக் கழிக்க, அச்சடித்துக் கையில் கொடுக்கும்படி ஸ்லைடுகள் செய்ய வேண்டும். பேக்லாக்கில் 10 உருப்படிகள்: வீரமாகாளியம்மன் கோவில், சீனிவாசப் பெருமாள் கோவில், தேக்கா நிலையம், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியாவின் வண்ண வீடு, டன்லப் ஸ்ட்ரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், சைவச் சாப்பாடு, கால் ஓய்வெடுக்க இடம், கழிவறை, மழை வந்தால் ஒதுங்கும் இடம். ஐந்தாமவர் பிராடக்ட் ஓனர், அதாவது பாட்டிக்காகப் பேசுகிறவர். எது முதலில் என்று அவர்தான் முடிவு செய்வார்.

'முடிந்தது' என்றால் என்ன என்பதைத் தொடங்குமுன் எழுதி ஒட்டுங்கள்: பெரிய எழுத்தில் தமிழ், ஒரு படம், அங்கே போகும் வழி, குழுவில் இன்னொருவர் ஒருமுறை படித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பூஜ்ஜியம். பாதிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது.

மதிப்பீட்டுக்கு, ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் எழுதிய பிளானிங் போக்கர் முறை. சீட்டுக்குப் பதிலாக ஜூம் அரட்டை. ஓர் உருப்படி எவ்வளவு பெரியது என்று 1, 2, 3, 5, 8இல் ஒரு எண்ணை எல்லோரும் தட்டி வைத்துக்கொண்டு, "மூன்று" என்று சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். அண்ணன் என்ன எண் போட்டார் என்று பார்த்துவிட்டுப் போட வழியில்லை. ஒருவர் 2, இன்னொருவர் 8 என்று வந்தால் அந்த இருவரை மட்டும் பேசச் சொல்லுங்கள். கழிவறை என்ற உருப்படியில் இது எப்போதும் நடக்கும். சுலபம் என்று நினைத்தவர், பாட்டிக்குப் படியேற முடியுமா என்று யோசித்திருக்க மாட்டார்.

முதல் ஸ்பிரிண்ட் பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் முடியும். ஆளுக்கு இரண்டு ஸ்லைடைத் திறந்து, தலைப்பும் படமும் போட்டிருப்பார்கள், எதுவும் முடிந்திருக்காது. முதல் பயிற்சியில் ஐந்து பேட்டைகளை மாற்றி மாற்றி எழுதியது இங்கே திரும்பி வருகிறது. அறைகளைச் சுற்றிவரும்போது உங்களுக்கு இது முன்கூட்டியே தெரியும், சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்று வாய் துடிக்கும். மைக்கை அணைத்து வையுங்கள். பிராடக்ட் ஓனர் முன் பூஜ்ஜியத்தோடு நிற்கும் அந்த மூன்று நிமிடம் கொஞ்சம் வலிக்கும். அதற்குப் பின் வரும் இரண்டு நிமிட ரெட்ரோவில், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, "இருவராகச் சேர்ந்து ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவோமா?" என்று யாராவது கேட்பார். நீங்கள் சொல்லியிருந்தால் அது உங்கள் யோசனையாகவே இருந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓர் அறையில் ஒருவரே எல்லாவற்றையும் செய்துகொண்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே போய், "மற்றவர்கள் இப்போது எதில் இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது ஸ்பிரிண்டின் நடுவில் பிராடக்ட் ஓனருக்குச் செய்தி அனுப்புங்கள்: பாட்டி சக்கர நாற்காலியில் வருகிறார். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிரிண்டை அவர் கலைக்கக்கூடாது. அடுத்த திட்டமிடலில் உருப்படிகளின் வரிசையை மாற்றலாம். ஒன்றிரண்டை முழுதாக முடித்த அறை, சாய்வுப்பாதை பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டு நகரும். பத்தையும் பாதி பாதியாகத் திறந்துவைத்த அறை பத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். கடைசியில் மூன்று அறைகளின் ஸ்லைடுகளையும் எல்லோருக்கும் காட்டுங்கள், எத்தனை முடித்தார்கள் என்று ஒப்பிட்டுப் பரிசு கொடுக்காதீர்கள். பரிசு வந்தால் அடுத்த வகுப்பில் 'முடிந்தது' என்பதன் பொருள் இளகிப்போகும்.

அடுத்த வாரம்

கடைசி 10 நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் வேலையிடத்தில் இந்த வாரம் பாதியிலேயே யாரிடமாவது காட்டப்போகும் ஒரு வேலையை எழுதட்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். ஒருவர் ஊழியர் பணிநேர அட்டவணையை மாதம் முழுவதற்கும் போடாமல், முதல் வாரத்துக்கு மட்டும் போட்டு மேலாளரிடம் காட்டுவதாக எழுதினார். கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அக்கா, 30 பக்க அறிக்கையின் முதல் அட்டவணையை மட்டும் அனுப்புவதாக எழுதினார்.

அடுத்த வகுப்பின் முதல் 10 நிமிடம் அதே ஷீட்டைத் திறந்து, காட்டியதும் என்ன பதில் வந்தது என்று பக்கத்துப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். காட்டாதவர் காலியாக விடலாம், காரணம் கேட்காதீர்கள். அந்த அக்காவின் கட்டத்தில் இப்படி இருந்தது: "பத்தியின் வரிசையை மாற்றச் சொன்னார்கள். மீதி 29 பக்கத்தை இனிமேல்தான் செய்யப்போகிறேன்."